எல்லைக் கிராமங்களில் தொடுதிரையும் விசைப்பலகையும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் தேசீய நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை ஆகிய ஊர்களைக் கடந்து பாறசாலையை அடைந்தால், அதற்கடுத்துச் சிறிது தூரத்திலேயே களியக்காவிளை வந்துவிடுகிறது. அங்கே கேரள ராஜ்யம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, பழைய திருவாங்கூரின் தென்கோடித் தாலுகாக்களாகிய அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு இவ்வாறு வகுக்கப்பட்டதே தவிர, மக்களின் பேச்சு அக்கோட்டைப் பார்த்து மாறிவிடவில்லை. வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் மலையாளம் பேசி, விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலத்தில் பெயர் எழுதும் குடும்பங்கள் இப்பகுதியில் இன்றும் உள்ளன.

கணினியைப் பற்றிய கட்டுரை எல்லைக்கோட்டில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெளிக்களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று: அன்றாட வேலைக்கு டேப்லெட் என்று வழங்கும் கைக்கணினி போதுமா, அல்லது விசைப்பலகையுடன் கூடிய மடிக்கணினிதான் வேண்டுமா? ஒரே மொழி வழங்கும் ஊரில் இக்கேள்விக்குச் சௌகரியத்தையும் விலையையும் வைத்து விடை கூறிவிடலாம். இரண்டு மொழிகளும் மூன்று எழுத்து முறைகளும் ஒரே வீட்டில் புழங்கும் இடத்தில், எந்தச் சாதனம் எந்த மொழியை எழுதத் தூண்டுகிறது, எதை எழுதாமல் விடச் செய்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. பெரிய திரையுள்ள கைப்பேசியும் வேலைமுறையில் கைக்கணினியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆகையால் இங்கு இரண்டையும் சேர்த்தே கருதுவோம்.

கண்ணாடி விரலை அறியும் விதம்

தொடுதிரைகளில் முக்கியமானவை இரு வகைப்படும். முதல் வகையில் மெல்லிய இடைவெளியுடன் இரண்டு ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். விரலால் அல்லது கோலால் அழுத்தும்போது மேலேடு வளைந்து கீழேட்டைத் தொடுகிறது; தொட்ட இடத்தைச் சாதனம் மின்தடையின் அளவைக் கொண்டு கணக்கிடுகிறது. நம் நாட்டு மாணவர்களுக்கென 2011ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி வெளியிடப்பட்ட ஏழங்குல 'ஆகாஷ்' கைக்கணினியின் முதற்பதிப்பு இந்த அழுத்தத் திரையைக் கொண்டிருந்தது. மெதுவாகத் தடவினால் அது அசையாது, அழுத்தியே தீரவேண்டும். மறு ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் மற்றொரு வகைத் திரை வைக்கப்பட்டது.

இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் கைக்கணினிகளிலும் உள்ளது அந்த இரண்டாம் வகையே. இந்தியம், வெள்ளீயம் என்னும் உலோகங்களின் ஆக்ஸைடால் ஆன, கண்ணுக்குப் புலப்படாத கடத்திக் கோடுகள் கண்ணாடியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக அமைக்கப்பட்டிருக்கும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே விரல் அருகே வரும்போது அக்கோடுகள் சந்திக்குமிடத்தின் மின்தேக்கு அளவு சற்றே மாறுகிறது. சாதனத்தினுள் இருக்கும் சில்லு இம்மாறுதலை வினாடிக்குப் பலமுறை அளந்து விரலின் இடத்தைக் கண்டுகொள்கிறது. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரிலிருந்த ராயல் ராடார் நிலையத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜான்ஸன் என்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக இத்தகைய திரையொன்றை 1965ஆம் ஆண்டில் விவரித்தார். அது கைக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இத்தத்துவத்தை அறிந்துகொண்டால் களத்தில் நேரும் சில தொல்லைகளின் காரணம் விளங்கும். நீரும் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாகையால், திரையில் விழுந்த மழைத்துளியைச் சாதனம் விரலென்று எண்ணக்கூடும். துளி வழிந்தோடினால் யாரோ தடவுவதாகக் கருதிப் பக்கத்தைப் புரட்டும். ஜூனிலும் மீண்டும் அக்டோபரிலும் மழையை எதிர்பார்க்கும் தென்திருவாங்கூர்ப் பகுதியில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர் இதை நன்கு அறிவார். இதற்கு மாறான தொல்லையும் உண்டு. உழவர், நெசவாளர், கல்லுடைப்போர் முதலியோரின் விரல்நுனி காய்த்து உலர்ந்திருக்கும். அத்தோலின் வழியாக மின்தேக்கு மாறுதல் குறைவாகவே நிகழ்வதால் திரை அவர்களது தொடுகையைச் சில சமயம் பொருட்படுத்துவதில்லை. பாலராமபுரத்துக் குழித்தறியில் பல்லாண்டுகள் நூல் பிடித்த ஒருவர், "இந்தச் சாமான் என் விரலை மதிக்கவில்லை" என்று சொல்வாரானால் அதைக் கிழவரின் சலிப்பு என்று ஒதுக்குவதற்கில்லை. விரல்நுனியைச் சற்று ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டால், அல்லது நுனிக்குப் பதில் விரலின் சதைப்பகுதியைப் படிய வைத்தால், பெரும்பாலும் குறை நீங்கும்.

விசைப்பலகையின் விசையோ கீழிறங்கி ஒரு தொடர்பை மூடும் சிறு பொறி. ஈரத்தையும் காய்ப்பையும் அது கவனிப்பதில்லை. தூசியும் கொட்டிய தேநீரும்தான் அதன் சத்துருக்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வித்தியாசம் உண்டு. விசைக்கு விளிம்பு இருக்கிறது. 'எஃப்', 'ஜே' என்னும் இரு விசைகளின்மீதும் சிறு மேடு இருக்கிறது. அவற்றைத் தடவி இரு கைகளும் தத்தம் இடத்தைக் கண்ணின் உதவியின்றியே கண்டுகொள்கின்றன. கண்ணாடியில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. எழுதுபவர் கண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது.

நின்றுகொண்டு செய்யும் வேலை

இவ்வளவும் கூறியதால் கைக்கணினியைக் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது. வெளிக்களப் பணியில் அதன் இடத்தை மடிக்கணினி பிடிக்க முடியாது. மடிக்கணினிக்கு மடியாவது மேசையாவது வேண்டும். இஞ்சிவிளையிலோ காரக்கோணத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையோரம் நின்றபடி, ஒரு கையில் குடையும் மறு கையில் சாதனமுமாகப் பேசும் சுகாதார ஊழியருக்கு அவ்வசதி ஏது? அவர் செய்யும் வேலையும் பெரும்பாலும் எழுதும் வேலையன்று. கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தொட்டுக் குறிக்கும் வேலை. அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021 முதல் உபயோகித்து வரும் 'போஷண் டிராக்கர்' செயலியிலும், கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே தொற்றா நோய்களைக் கண்டறிய 2022 முதல் பயன்படுத்திய 'சைலி' செயலியிலும் பெரும்பான்மையான கட்டங்கள் தேர்வு செய்வதற்குரியவை, மற்றவை எண்கள். எண்களை இடப் பத்து விசைகள் போதும். அவற்றைத் திரையில் விரலளவுக்குப் பெரிதாகக் காட்டலாம்.

இத்துறையில் நமது நாட்டின் அனுபவம் சிறிதன்று. 2011ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்காகப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கணினிகளைத் தயாரித்தளித்தது. காகிதப் படிவமே இல்லாமல் வீடுதோறும் நடந்த பெருங்கணக்கெடுப்பு அதுவே. ஆயின் அன்று, கேள்வி கேட்பவர் ஒருவர், சாதனத்தில் பதிபவர் மற்றொருவர் என இருவர் சேர்ந்து சென்றனர். இதற்கு மாறாக, 2015-16ஆம் ஆண்டுகளின் தேசீயக் குடும்பநல ஆய்வில் பேட்டி காண்பவரே சிறிய விசைப்பலகைக் கணினியில் விடைகளைப் பதிந்தார். 2027ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்போ, பெரும்பாலும் ஆசிரியர்களாக இருக்கும் கணக்கெடுப்பாளர்கள் தங்கள் கைப்பேசியிலேயே செயலி மூலம் பதியும் முறையில் வகுக்கப்பட்டது. இருவர் செய்த வேலை ஒருவர் கைக்கு வந்துவிட்டது என்பதோடு, அவர் கண் கண்ணாடியைப் பார்க்குமா, பதில் சொல்லும் மூதாட்டியின் முகத்தைப் பார்க்குமா என்ற பிரச்னையும் அதனுடன் வந்தது. அனுபவமுள்ளவர்கள் முதலில் பேசி முடித்துவிட்டுப் பிறகு பதிகிறார்கள். செயலியை வகுப்பவர்கள் இவ்வழக்கத்தை மனத்திற்கொண்டு, ஒரு பக்கத்தில் சில கேள்விகளைச் சேர்த்தமைப்பது நலம்.

ஆனால் எந்தப் படிவத்திலும் தேர்வு செய்ய முடியாத கட்டம் ஒன்று உண்டு. அதுதான் பெயர்.

'தங்கம்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் அது தங்கம். மலையாளத்திலும் அதே எழுத்துக்களின் இணைகளைக் கொண்டே எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வேற்றுமை தோன்றுகிறது. 'ங்க' என்னும் கூட்டெழுத்துக்குக் கேரளத்தில் 'என்', 'கே' என்னும் எழுத்துக்களை இடுவது வழக்கம்; தமிழ்நாட்டில் 'என்', 'ஜி' இடுவர். களியக்காவிளையில் பள்ளிச் சான்றிதழும் பாறசாலையில் குடும்ப அட்டையும் பெற்ற ஒரு பெண்ணுக்கு இவ்விதம் இரண்டு பெயர்கள் ஏற்பட்டுவிடுகின்றன. யந்திரம் எழுத்தை ஒப்பிடுமேயன்றி உச்சரிப்பை ஒப்பிடாது. ஓய்வூதியமோ உதவித்தொகையோ இந்த ஓர் எழுத்தில் தங்கி நின்றுவிடும். தமிழெழுத்திலும் மலையாள எழுத்திலும் பெயரைச் சரியாகப் பதிந்திருந்தால் இரண்டும் ஒன்றென்று காட்டுவது எளிது. ஆனால் திண்ணையோரத்தில் நின்று கைப்பேசியின் சிறு கண்ணாடியில் இரண்டு எழுத்து முறைகளை மாற்றி மாற்றி இடுவதற்கு எவருக்குப் பொறுமை இருக்கும்? ஆங்கிலத்தில் இட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்வதே இயல்பு.

விசையின் அளவும் எழுத்தின் எண்ணிக்கையும்

தமிழில் எழுத்துக்கள் 247 என்றாலும், உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு குறிகளைக் கொண்டு அனைத்தையும் ஆக்கிவிடலாம். வடமொழி ஒலிகளுக்குரிய சில எழுத்துக்களைச் சேர்த்தாலும் நாற்பதுக்குள் அடங்கும். சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். கைப்பேசியின் அகலம் சுமார் 70 மில்லிமீட்டர் எனக்கொண்டால், வரிசைக்குப் பத்து விசைகள் வீதம் ஒவ்வொன்றுக்கும் 7 மில்லிமீட்டரே கிடைக்கும். விரல்நுனியின் பரப்பு அதைவிடப் பெரிது. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருக்க இருக்க அதை அடைய அதிக நேரம் பிடிக்கும் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954ல் கணித வாய்பாடாகவே வகுத்துக் காட்டினார். பத்தங்குலக் கைக்கணினியைக் குறுக்காக வைத்தால் விசைகள் ஏறக்குறைய உண்மை விசைப்பலகையின் அளவை எட்டிவிடும். அப்பொழுது திரையில் பாதி விசைகளுக்கே போய்விடும். எழுதும் பத்தியில் நாலைந்து வரிகளே கண்ணில் படும்.

ஆங்கிலம் எழுதுவோரைப் பற்றிய அளவுகள் உள்ளன. பின்லாந்திலுள்ள ஆல்டோ பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 1,68,000 பேரிடம் விசைப்பலகையில் நடத்தி 2018ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் சராசரி வேகம் நிமிஷத்துக்கு 52 சொற்கள். 37,000 பேரிடம் கைப்பேசியில் நடத்தி 2019ல் வெளியிட்டதில் 36 சொற்கள். வேகத்தில் கைப்பேசி அவ்வளவு பின்தங்கிவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. இளைஞரைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆகவே, 'கண்ணாடியில் எழுதவே முடியாது' என்று வாதிடுவது வீண்.

வேகத்தைவிட முக்கியமானது வேறு. கைப்பேசியில் தமிழெழுதும் மாணவர்களிற் பலர் ஆங்கில எழுத்துக்களால் ஒலியை இட்டு, யந்திரம் காட்டும் தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தொட்டு எடுக்கிறார்கள். ந, ண, ன என மூன்றையும், ல, ள, ழ என மூன்றையும், ர, ற என இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பு இதனால் எழுதுபவரிடமிருந்து யந்திரத்துக்குச் சென்றுவிடுகிறது. 'கரி', 'கறி' ஆகிய இரண்டில் யந்திரம் முதலில் எதைக் காட்டுகிறதோ அதுவே எழுத்தாகிறது. தமிழ்நாட்டிலாவது தெருப்பலகையும் செய்தித்தாளும் பேருந்தின் நெற்றியும் மாணவனுக்கு நாள்தோறும் எழுத்துக்கூட்டலைக் கற்பிக்கின்றன. பாறசாலைக்கு வடக்கே அவ்வுதவி மெலிந்துவிடுகிறது. அங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழை எழுத்தெழுத்தாக இட வேண்டிய சந்தர்ப்பம் பள்ளியை விட்டால் அநேகமாக இல்லை.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைச் சிலர் நினைவூட்டுவர். செய்தி அனுப்புவதற்கு அது நன்று. தாசில்தாருக்கு எழுதும் மனுவுக்கு, பேசியதைத் திருத்தித்தானே ஆகவேண்டும்? எழுதுவதைவிடத் திருத்துவதே விசைகளை அதிகம் கேட்கும் வேலை என்பது மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் எவருக்கும் தெரியும். ஒரு சொல்லின் நடுவே சுட்டியை நிறுத்தவேண்டும். 'கோ' என்பதில் கொம்பையும் காலையும் நீக்கிக் ககரத்தை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு வாக்கியத்தை எடுத்து மேலே வைக்கவேண்டும். அம்பு விசைகள் இவற்றை ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து செய்யும். விரல் கண்ணாடியில் அதே இடத்தை மறைத்துக்கொண்டே தேடும்.

இரு மொழிக்கு ஒரு பலகை

இனி இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். மத்திய சர்க்காரின் மின்னணுத் துறை 1986ல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான விசையமைப்பொன்றை வகுத்தது. 'இன்ஸ்கிரிப்ட்' எனப்படும் அது 1988ல் திருத்தப்பட்டு, 1991ல் இந்தியத் தரநிர்ணயத்திலும் இடம்பெற்றது. அதன் அடிப்படை எளிது. நம் மொழிகளின் எழுத்து வடிவங்கள் வேறானாலும் அகரவரிசை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ககரம் எந்த மொழியிலும் ஒரே விசையில் இருக்கட்டும், பகரமும் அவ்வாறே என்று வைத்தார்கள். இடக்கை பெரும்பாலும் உயிர்க்குறிகளையும் வலக்கை மெய்களையும் இடும்.

நடு வரிசையில் வலக்கைப் பக்கம் 'எச்' முதல் வரிசையாக ப, ர, க, த, ச, ட என ஆறு மெய்கள் அமைகின்றன. தமிழுக்கு மாற்றினாலும் மலையாளத்துக்கு மாற்றினாலும் இடம் மாறுவதில்லை. இடக்கையில் 'டி' விசை தமிழில் புள்ளி. மலையாளத்தில் அதே வேலையைச் செய்யும் சந்திரக்கலை. நெய்யாற்றின்கரை என்னும் பெயரின் ஈற்றை மலையாளத்தில் 'கர' என எழுதுவர். அதற்கு 'கே', 'ஜே' என இரண்டு விசைகள். தமிழில் 'கரை', அதே இரண்டு விசைகளுக்குப்பின் 'டபிள்யூ' என்னும் ஐகாரக் குறி ஒன்று கூடுதல். பாறசாலையின் முதற்பகுதியாகிய 'பாற' இரு மொழியிலும் முற்றிலும் ஒரே விசைகள்: 'எச்', 'இ', பின்னர் ஷிஃப்ட்டுடன் 'ஜே'. தமிழர் மார்தட்டிக்கொள்ளும் ழகரமும் மலையாளத்து ழகரமும் ஷிஃப்ட்டுடன் 'பி' என்னும் ஒரே விசையில் குடியிருக்கின்றன. முன்னே கூறிய 'தங்கம்' என்னும் பெயரை இடும்போது த, ங, புள்ளி, க என்னும் முதல் நான்கு விசைகள் இரு மொழிக்கும் பொது. கடைசி மகரத்தில் மட்டும் தமிழ் மெய்யும் புள்ளியும் இட, மலையாளம் ஓர் அனுஸ்வாரத்துடன் முடிக்கிறது. தமிழில் இல்லாத மலையாள எழுத்துக்களுக்குரிய விசைகள் தமிழுக்கு மாற்றும்போது வெறுமையாக நிற்கும், அவ்வளவே.

ஒரு மொழிக்கு விரல்களைப் பழக்கினால் மற்றொரு மொழி பெரும்பகுதி இனாமாகக் கிடைக்கிறது என்பது இதன் பொருள். கேரளப் பள்ளிகளில் மலையாளம் இட இன்ஸ்கிரிப்ட் அமைப்பே கற்பிக்கப்படுகிறது. அப்படியானால் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலுள்ள தமிழ்ப் பிள்ளையின் விரல்கள் தமிழையும் பாதிக்குமேல் கற்றுவிட்டன என்றே கொள்ளவேண்டும். அதை அப்பிள்ளையிடம் யாராவது சொல்லவேண்டும்.

இவ்வாய்ப்பு இருப்பதற்குக் காரணம், கேரளம் தன் பள்ளிகளில் விசைப்பலகையைக் கைவிடாததுதான். 2001ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017ல் 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. 2018ல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ஒளிபெருக்கியும் தரப்பட்டன. அவை எவரும் விலையின்றிப் பெறக்கூடிய லினக்ஸ் முறைமையில் இயங்குகின்றன; தமிழ் இன்ஸ்கிரிப்ட் அதில் முன்னமேயே உண்டு. ஹரியானா ராஜ்யம் 2022ல் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஐந்து லட்சம் கைக்கணினிகளை வழங்கியது. அங்கு நோக்கம் பாடங்களைப் பார்ப்பதும் பயிற்சி வினாக்களுக்கு விடையைத் தொடுவதும். பார்ப்பதற்கு அது தக்க சாதனம் என்பதில் ஐயமில்லை.

வீட்டு நிலைமை வேறு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் ராஜ்யமாக அறிவித்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர், தொண்ணூறு வயது கடந்தோரும் உட்பட, பயிற்சி பெற்றனர். போற்றத்தக்க சாதனை இது. ஆயின் அப்பயிற்சியின் கருவி கைப்பேசி. அழைப்பது, படம் பார்ப்பது, சர்க்கார் சேவையைத் திறப்பது ஆகியவை கற்பிக்கப்பட்டன. 'எழுத்தறிவு' என்னும் சொல்லில் எழுத்து இருக்கிறது என்பதை மட்டும் நினைவிற் கொள்வது நன்று.

எழுதத் தெரிந்திருப்பதால் என்ன பிரயோசனம் என்று கேட்போருக்கு 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தைக் காட்டலாம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் ராஜ்ய சர்க்காருடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது. மனுவைத் தாளில் எழுதிய காலத்தில் இவ்வுரிமையைச் செலுத்தப் பேனா போதுமாக இருந்தது. இப்போது மனுக்கள் இணையத்தின் வழியே செல்கின்றன. அக்ஷயா மையத்தில் அமர்ந்திருப்பவர் தம் விரலுக்குப் பழகிய மொழியிலேயே இடுவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. தமிழில் மனு வேண்டுமென்றால் தமிழில் இடத் தெரிந்த ஒருவர் விசைகளின்முன் உட்காரவேண்டும். அவர் அநேகமாக அந்த வீட்டின் பத்தாம் வகுப்புப் பிள்ளையாகவே இருப்பார்.

எல்லைக்கு அப்பால்

தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறானது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குச் சென்றன. 2025-26ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி, வழங்கப்படும் என்று கூறப்பட்டது. நாம் எடுத்துக்கொண்ட கேள்வியை ஒரு சர்க்கார் மாணவரிடமே விட்ட நிகழ்ச்சி என்று இதைக் கூறலாம். விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த ஒரு மாணவி தன் ஆசிரியரிடம் எதை எடுப்பது என்று கேட்டால், இவ்வாசிரியர் மறுகேள்வி ஒன்று கேட்கட்டும்: 'வாரத்தில் எத்தனை பக்கம் எழுதுகிறாய்?' ஒன்றுமில்லை என்றால் கைக்கணினி. ஆய்வேடோ, விண்ணப்பமோ, கணக்குப் பட்டியலோ, கணினி நிரலோ எழுதவேண்டியிருந்தால் மடிக்கணினி.

தமிழ்நாட்டின் அங்கீகாரம் பெற்ற விசையமைப்பு இன்ஸ்கிரிப்ட் அன்று. சென்னையில் 1999ல் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக உருவான 'தமிழ்99'. தமிழை மட்டும் நினைத்து வகுக்கப்பட்டதாகையால் அதில் சில நயங்கள் உண்டு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். மகரம் இருமுறை வந்தவுடன் முதல் மகரத்தின்மேல் புள்ளி தானே விழுந்துவிடும். தமிழ் ஒன்றையே எழுதுவோருக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் அதில் 'எச்' விசை ககரம், 'கே' விசை மகரம். இன்ஸ்கிரிப்டில் பழகிய விரல் அங்கே தடுமாறும். இரு மொழியும் எழுதவேண்டிய பாறசாலைப் பிள்ளைக்கு, சிறப்புக் குறைந்ததாயினும், பொது அமைப்பே தக்கது.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

பள்ளியில் கைக்கணினி மட்டுமே இருந்தால், சில நூறு ரூபாய் விலையுள்ள யூ.எஸ்.பி. விசைப்பலகையை அதில் இணைத்து உபயோகிக்கலாம். வாங்குமுன் அக்கைக்கணினியின் அமைப்புப் பக்கத்தில் வெளி விசைப்பலகைக்குத் தமிழ் இன்ஸ்கிரிப்ட் உண்டா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மடிக்கணினி இருக்குமிடத்தில் செலவே இல்லை. விண்டோஸில் 'தமிழ்' என்ற பெயரில் உள்ள விசைப்பலகையும் இன்ஸ்கிரிப்டே. விசைகளின்மேல் தமிழெழுத்தை ஒட்டுவதைக் காட்டிலும், இரு மொழி எழுத்துக்களையும் இரண்டு மையில் எழுதிய அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்துவது மேல். ஒட்டுச் சீட்டு கண்ணை விசைக்கே இழுக்கும். அட்டையைப் பார்க்கும் பிள்ளை விரலை நம்பத் தொடங்குவான்.

முதற்பாடத்தை ப, ர, க, த, ச, ட என்னும் ஆறு மெய்களோடும் அவற்றால் ஆகும் 'பட', 'கர', 'தட' போன்ற துண்டுகளோடும் தொடங்கலாம். மலையாள வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே பாடம் பொருந்துவதால் இரு பிரிவினரையும் ஒரே மணியில் அமர்த்தலாம். கணினிகள் குறைவாயுள்ள பள்ளியில் இது பெரிய உதவி. இரண்டாம் வாரத்தில் அவரவர் பெயரை இரண்டு எழுத்திலும் இடச் செய்து, குடும்ப அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டலுடன் ஒப்பிடச் சொல்லலாம். வேற்றுமை தென்பட்டால் அதைத் திருத்துமாறு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு எழுதும் கடிதமே மூன்றாம் வாரப் பாடமாக அமையும். எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த மாணவன் தமிழ்99 பழகியவனாயிருந்தால் அவனை மாற்றத் தேவையில்லை; லினக்ஸில் இரண்டு அமைப்புகளையும் ஒருங்கே வைத்துக்கொள்ளலாம். எது இயங்குகிறது என்பதைத் திரையின் மூலையிலுள்ள குறி காட்டும். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரும்படி வகுப்பைப் பழக்கினால் போதும்.